கொக்கி வளைவில் நிற்கும் வண்டி

ஏப்ரல் 6
சுரங்கக் கேம்ப்

அக்காவுக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் வாயைத் திறக்காதவன் முதல் வரியிலேயே "சௌக்கியமா" என்று கேட்டால் நீ கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். முதலில் முழுக்கப் படி.

அப்பாவின் வண்டி மலையேறும்போது நின்றுபோகிறது.

கேம்புக்குள் ஓடும்போது ஒரு கோளாறும் கிடையாது. சமவெளியில் மணிக்கணக்காக ஓட்டினாலும் பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் இங்கிருந்து வெளியே போக ஒரே ரோடுதான். நாங்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறோம். முதலில் கணவாய்வரை ஏற்றம், பிறகு அந்தப் பக்கம் ஊர்வரை இறக்கம். ஏற்றத்தில் பாதிக்கு மேல் போனதும் ஒரு வளைவு, தூண்டில் கொக்கி போல மடங்கும். கொக்கி வளைவு என்றே பெயர். இடது பக்கம் பாறை, வலது பக்கம் ஒன்றும் இல்லை. அங்கே வந்ததும் எஞ்சின் இருமுகிறது. மிதித்தாலும் வேகம் எடுப்பதில்லை. அப்படியே அணைந்துவிடுகிறது. போன வாரமும் அங்கேதான் நின்றது. இந்த வாரமும் அங்கேதான்.

எஞ்சின் அணைந்தால் அந்த வண்டியின் பிரேக் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். இரண்டு மிதிக்குத்தான் பிடிக்கும். அடுத்த மிதி பாறையை மிதிப்பது போல. கை பிரேக் பேருக்குத்தான். வண்டி பின்னால் நகர ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கட்டையண்ணன் மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதம் இல்லை. இந்த ரோட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டை போட ஓர் ஆள் உண்டு. பின்படியில் நின்றபடியே வருவார். வண்டி பின்வாங்கினால் குதித்து, முக்கோணமாகச் செதுக்கிய மரக்கட்டையைப் பின் சக்கரத்துக்கு அடியில் சொருக வேண்டும். எங்கள் கட்டையண்ணன் சொருகிவிட்டு நிதானமாகப் பீடி பற்றவைத்துக்கொண்டு, "முதலாளி, அவசரமில்ல, வேடிக்கை பாத்துட்டு மெதுவா வாங்க" என்பார். நான் ஸ்டியரிங்கை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே இருப்பேன்.

என் வீட்டுக்காரிக்கு எட்டாம் மாதம். கேம்ப் நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்கிறார். திரும்பாவிட்டால் இங்கே பிரசவம் பார்க்க முடியாது, மழைக்கு முன்னால் கணவாய்க்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்கிறார். மழை விழுந்தால் ரோடு சரிந்துவிடும். நடைபாதை கயிற்றுப் பாலத்தின் வழியாகப் போகிறது, கட்டிலில் வைத்துத் தூக்க முடியாது. கம்பெனி வண்டிகளெல்லாம் புதுச் சுரங்கத்துக்குப் போய்விட்டன, வயர்லெஸ்ஸையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இருப்பது அப்பாவின் வண்டி ஒன்றுதான்.

அவளிடம் வண்டி நிற்கும் கதையை நான் சொல்லவில்லை.

எனக்கு ஓட்டத் தெரியும். அப்பாவின் கை உனக்குத்தான் வந்தது. என்ன செய்யலாம் சொல்.

தம்பி

பின்குறிப்பு: இங்கே டீசல் திருடுகிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, போன வருஷம் நீ ஒரு பூட்டு மூடி அனுப்பினாயே, வந்த அன்றைக்கே டேங்கில் போட்டுவிட்டேன். நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.


ஏப்ரல் 14
பட்டறை

தம்பிக்கு,

அடுப்பில் போடவில்லை. மூன்று தரம் படித்தேன். அஞ்சாம் கிளாஸோடு நின்ற எனக்கே வெட்கமாக இருக்கிறது உன் எழுத்து, கோழி கிளறின மாதிரி. அவசரத்தில் எழுதினாய் என்று தெரிகிறது. அதனால் அதைச் சொல்லித் திட்டவில்லை.

வேறு ஒன்றுக்குத் திட்டுகிறேன். "அந்த வண்டிய எடுத்துட்டுப் போனா என் வாசல்ல வந்து நிக்காத" என்று நான் கத்தினதுக்கு, ஒரு வருஷம் வாசலில் நிற்கவே இல்லையே, அதுக்கு. நான் கத்தினால் நீ திரும்பிக் கத்த வேண்டும். அப்படித்தானே வளர்ந்தோம்? எட்டாம் மாதம் என்கிறாய். எனக்குச் சொல்ல எட்டு மாதமா? அத்தைக்காரி என்று ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு வேண்டாமா?

சரி, வண்டி.

ஓடி ஓடி நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடுகிறது என்றால் எஞ்சின் மேல் குற்றம் இல்லை. அதுக்குச் சாப்பாடு போய்ச் சேரவில்லை. டேங்கிலிருந்து பம்ப் வரை எங்கேயோ டீசல் திணறுகிறது. சமவெளியில் எஞ்சின் கொஞ்சமாகக் குடிக்கும், சமாளித்துக்கொள்ளும். ஏற்றத்தில் குடம் குடமாகக் கேட்கும், அப்போது கிடைக்காது. கொக்கி வளைவு பாவம், அதன் மேல் பழி போடாதே. அவ்வளவு தூரம் மூச்சு முட்ட ஏறினால் எந்த வளைவாக இருந்தாலும் அங்கே நின்றிருக்கும்.

டீசல் ஃபில்டரை மாற்று. புதுசு இதோடு வருகிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸை மாற்று. பழையது வெளியே நன்றாகத்தான் தெரியும், உள்ளே தோல் உரிந்து மடங்கிக் கிடக்கும். செம்பு வாஷர் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன், பழசைத் திருப்பிப் போட்டுச் சிக்கனம் பிடிக்காதே. எல்லா ஜாயின்டையும் முடுக்கு. அடுத்த தரம் நின்றால் ஃபீட் பம்ப் மேலிருக்கிற கைப் பம்பை அடித்துப் பார், லேசாகப் போகிறதா, இழுத்துப் பிடிக்கிறதா என்று எழுது. குழாயில் சிக்கின காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது நுரை வருகிறதா, சுத்தமான டீசல் வருகிறதா என்று எழுது.

தனியாக ஏறாதே. கட்டையண்ணன் இல்லாமல் ஒரு அடி வைக்காதே.

அவளுக்கு ஒரு சால்வை வைத்திருக்கிறேன். அண்ணி கொடுத்தது என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 23
கேம்ப்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி ஃபில்டர், ஹோஸ், வாஷர் எல்லாம் மாற்றிவிட்டேன். கேம்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். தங்கம். மறுநாள் காலி வண்டியாக ஏறினேன், நானும் கட்டையண்ணனும் மட்டும்.

கொக்கி வளைவுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. காலி வண்டி அல்லவா, அந்தக் கொஞ்சம் கூடுதல்.

இந்தத் தடவை கட்டை வழுக்கிவிட்டது அக்கா. முதல் நாள் தூறியிருந்தது, மண் குழைந்திருந்தது. கட்டை சக்கரத்துக்கு முன்னாலேயே சறுக்கிக்கொண்டு போகிறது, வண்டி அதன் பின்னாலேயே இறங்குகிறது. கண்ணாடியில் பார்த்தேன், கட்டையண்ணன் குனிந்து அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு வண்டியோடு கூடவே பின்னால் ஓடுகிறார். நான் ஸ்டியரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தேன். எஞ்சின் இல்லாத ஸ்டியரிங், எருமையைக் கொம்பைப் பிடித்துத் திருப்புகிற மாதிரி. பின்பக்கம் பாறையில் இடித்து நின்றது. விளக்கு ஒன்று போச்சு. இறங்கிப் பார்த்தால் வலது பக்கச் சக்கரத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் என் செருப்பு வைக்கத்தான் இடம்.

நீ கேட்டதற்குப் பதில். கைப் பம்பு இழுத்துப் பிடிக்கிறது. அடித்த பிடி மேலே வரவே மனசில்லாமல் வருகிறது. ஏர் எடுத்தால் நுரை நுரையாக வருகிறது. எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது, ஆனால் எல்லா ஜாயின்டும் காய்ந்துதான் இருக்கிறது, ஒரு சொட்டுக் கசிவு இல்லை. டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், முக்கால் டேங்க் டீசல் இருக்கிறது. மறுபடி ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது! மனுஷனைப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது.

மூடியைத் திறக்கும்போது கட்டையண்ணன் சொல்கிறார், "கேட்டீங்களா முதலாளி, வண்டி பெருமூச்சு விடுது. நம்மள விட அதுக்குத்தான் கவலை ஜாஸ்தி." அவருக்கு எல்லாம் சிரிப்பு. ஆனால் திரும்பி வரும்போது பீடியைப் பற்றவைக்க அவருக்குத் தீக்குச்சி நிற்கவில்லை. நான் பார்த்தேன். பார்க்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

அவள் உடைந்த விளக்கைப் பார்த்தாள். "மாடு முட்டிச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இங்க மாடே கெடையாதே" என்றாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

குழந்தை இன்னும் திரும்பவில்லை.

தம்பி


மே 1
பட்டறை

தம்பி,

செருப்பு வைக்க இடம் என்று எழுதியிருக்கிறாய். அதை ஏன் எழுதினாய்? அன்றையிலிருந்து தெருவில் யார் செருப்பைக் கழற்றி வைத்தாலும் என் கண் அங்கேதான் போகிறது.

யோசித்து எழுதுகிறேன், கவனமாகக் கேள். கைப் பம்பு இழுத்துப் பிடிக்கிறது என்றால் டேங்க் பக்கம் ஏதோ அடைப்பு. பம்ப் இழுக்கிறது, டேங்க் கொடுக்க மாட்டேன் என்கிறது. அந்த இழுப்பில் ஜாயின்ட் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்கிறது, அதுதான் நுரை. நுரை நோய் இல்லை, நோயின் அடையாளம்.

பெருமூச்சு என்றதும் எனக்கு முதலில் மூடி மேல்தான் சந்தேகம். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு துளை இருக்கும். அது அடைத்தால் இந்தக் கூத்தெல்லாம் நடக்கும். ஆனால் நான் அனுப்பின மூடி ஒரு வருஷமாக அதில் இருக்கிறது, அதே ஏற்றத்தில் அதே வண்டி இத்தனை நாள் ஏறியிருக்கிறது. கோளாறு வந்தது இப்போதுதான். ஆகவே மூடி இல்லை. வெயிலில் டேங்க் சூடாகி ஆவி கட்டியிருக்கும், அது ஊதியிருக்கும்.

மீதி இருப்பது டேங்குக்குள்ளே உள்ள குழாய். அதன் அடியில் ஒரு வலை இருக்கிறது. துருவும் சகதியும் அதை மூடியிருக்கும். டேங்கை இறக்கிக் கழுவு.

அதைவிட முக்கியம், நம் அப்பா செய்கிற சோதனை. ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்துக் கேபின் கூரை மேல் கட்டு. அதிலிருந்து ஒரு ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடு. டேங்கை விட்டுவிடு. அப்படி ஏறினால் குற்றம் டேங்க் பக்கம் என்று முடிவு. அப்படியும் நின்றால் பம்ப். ஹோஸ் நீளமாக வெட்டி அனுப்பியிருக்கிறேன், பானெட்டுக்குள் சூட்டில் படாமல் வெளிப்பக்கமாகக் கொண்டுவா.

இந்தச் சோதனையைச் செய்யாமல் அவளை அந்த வண்டியில் ஏற்றாதே. ஏற்றினாய் என்று கேள்விப்பட்டால், நான் முன்னே கத்தினதெல்லாம் தாலாட்டு என்று நினைத்துக்கொள்.

ராத்திரி தூக்கம் இல்லை. எழுந்து போய்ப் பட்டறைக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். பூட்டித்தான் இருக்கிறது. மறுபடி பார்க்கிறேன்.

அக்கா


மே 10
கேம்ப்

அன்புள்ள அக்கா,

டேங்கை இறக்கினோம். நானும் கட்டையண்ணனும் கழுவினோம். அடியில் கை நிறையத் துரு வந்தது, வலையும் பாதி மூடியிருந்தது. எனக்கு உயிர் வந்தது. இதுதான், இதேதான் என்று கத்தினேன். நர்சம்மா ஜன்னலைத் திறந்து, "என்ன, பொண்ணா பையனா?" என்று கேட்டார்.

கேன் சோதனை செய்யவில்லை. கோபப்படாதே. கேம்ப் மேனேஜர் பார்த்துவிட்டு, கூரை மேல் டீசலைக் கட்டிக்கொண்டு எவனும் என் கேட்டைத் தாண்டக் கூடாது, தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்று நிறுத்திவிட்டார். ஹோஸையும் கேனையும் வண்டியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். துருவை எடுத்தாயிற்று, இனி தேவைப்படாது.

ஏறிப் பார்க்கவும் முடியவில்லை. மழை முன்கூட்டியே வரும்போல் இருக்கிறது. கணவாய்ப் பக்கம் இரண்டு நாளாகக் கருத்துக் கிடக்கிறது. அவளுக்கு இடுப்பு வலி விட்டு விட்டு வருகிறது, இது நிஜ வலி இல்லை என்கிறார் நர்சம்மா. என்னிடம் பேசும்போது சிரிக்கிறார், அந்தப் பக்கம் திரும்பியதும் சிரிப்பு இல்லை. இந்த மாதம் இருபத்தி இரண்டாம் தேதி கிளம்பலாம் என்று முடிவு.

நேற்று அவள் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னாள். நான் சொல்ல மாட்டேன் என்றேன், சொன்னால்தான் அண்ணி சிரிப்பார் என்கிறாள். சொல்கிறேன். நீ அனுப்பின பூட்டு மூடியை நான் வந்த அன்று போடவில்லை. ஒரு வரி எழுதாமல் மூடியை மட்டும் அனுப்புகிறாளே என்று ரோஷம். பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அப்பா காலத்து மூடியையே துணி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த மார்ச்சில் அவள் துணிமணி அடுக்கும்போது அது கிடைத்தது. "அக்கா தம்பிய ஒரு இரும்பு மூடியா பிரிக்கிறது?" என்று சொல்லி, அவளே கொண்டுபோய் டேங்கில் திருகிப் பூட்டிவிட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள், நான் கேட்டு வாங்கினால் மட்டும் கழற்றித் தருவாள். பழைய மூடியைப் பள்ளத்தில் வீசிவிட்டாள். எனக்குக் கடிதம் எழுதும் தைரியம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அவ்வளவுதான். சிரித்தாயா?

தம்பி


மே 17
பட்டறை

தம்பி

மூடியை எடு. இதைப் படித்துக்கொண்டே நடந்து போய் மூடியை எடு. அப்புறம் மீதியைப் படி.

மார்ச் என்று எழுதியிருக்கிறாய். மூடி போட்டது மார்ச், வண்டி நின்றது மார்ச் கடைசி. நீ முதல் கடிதத்தில் அன்றைக்கே போட்டேன் என்றாய். அதை நம்பித்தான் நான் மூடியை விட்டேன். மரியாதைக்காக எழுதின ஒரு வரி. என் மனசு நோகக் கூடாதென்று எழுதினாய், தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய.

உன் கடிதம் வந்ததும் அலமாரியில் இருந்த அதே மாதிரி மூடி ஒன்றை எடுத்தேன். வாயை வைத்து ஊதினேன். ஒரு பொட்டுக் காற்றுப் போகவில்லை. ஊசியால் துழாவினேன், துளையே இல்லை. டேங்கிலேயே தனியாக மூச்சுக் குழாய் இருக்கிற வேறு வண்டிக்குச் செய்த மூடி. நம் வண்டிக்கு மூடிதான் மூச்சு. நான் பார்க்கவில்லை. பளபளவென்று இருந்தது, பூட்டு நல்ல பூட்டு, உன் டீசலை ஒருத்தன் தொடக் கூடாது என்று அது ஒன்றுதான் என் கண்ணில் பட்டது.

டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வரவில்லையென்றால் டேங்க் தன் டீசலைத் தானே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நீ குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறக்கிறாய், காற்று உள்ளே போகிறது, வண்டி கிளம்புகிறது. நீ ஏர் எடுத்ததால் கிளம்பியது என்று நினைத்துக்கொண்டாய். துரு, வலை, எல்லாம் சும்மா. மறுபடி நிற்கும். ஏற்றத்தில் நின்றால் கட்டை இருக்கிறது. இறக்கத்தில் நின்றால் பிரேக் இல்லாமல் ஊர்வரைக்கும் யார் கட்டை போடுவது?

மூடி வேண்டாம். டேங்க் வாயில் துணியைத் தளர்த்திக் கட்டு, போதும். திருடுகிறவன் திருடிக்கொண்டு போகட்டும்.

இதே கடிதத்தை இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்று கேம்புக்குத் தபாலில். இன்னொன்று கணவாய்வரை வருகிற தபால் வேன் டிரைவர் கையில், உன்னை வழியில் எங்கே பார்த்தாலும் வேனைக் குறுக்கே நிறுத்திக் கொடு என்று சொல்லி. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருபத்தி இரண்டுக்கு முன்னால் கிளம்பிவிடாதே. கிளம்பிவிடாதேடா.


மே 24
ஆஸ்பத்திரி

அக்கா,

அவள் உயிரோடு இருக்கிறாள். குழந்தையும். இதை முதலில் எழுத வேண்டும் என்று அவள் சொன்னாள். இனி நடந்ததை எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் தேதி காலையிலேயே வலி கண்டுவிட்டது. நிஜ வலி. நர்சம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பவே கிளம்பு. நில்லாதே" என்றார். மழை கொட்டுகிறது. பின்னால் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்து நர்சம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டையண்ணன் பின்படியில், இந்தத் தடவை இரண்டு கட்டையோடு. கேட்டில் மேனேஜர் கையை உயர்த்தினார். உள்ளேயிருந்து அவள் அலறினது கேட்டதும் அவரே ஓடிவந்து கேட்டைத் திறந்தார்.

கொக்கி வளைவு வரும் முன்பே இருமத் தொடங்கிவிட்டது. நான் வாய்விட்டுக் கெஞ்சினேன் அக்கா, ஒரு இரும்பு வண்டியிடம். வளைவின் நடுவில் அணைந்தது. பின்னால் நகர்ந்தது. ஒரு கட்டை வழுக்கியது, இரண்டாவது பிடித்தது. "பிடிச்சிருச்சு! பிரேக்ல இருந்து காலை எடுக்காதீங்க முதலாளி, எனக்கும் குடும்பம் இருக்கு!" என்று கட்டையண்ணன் கத்தினார். கை பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு, இறங்கிச் சக்கரங்களுக்கெல்லாம் கல் வைத்தோம். உள்ளே அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அலறினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் கேன் ஞாபகம் வந்தது. டேங்க் ஹோஸைப் பம்பிலிருந்து உருவினேன். டீசல் கொட்டும் என்று முனையைக் கட்டைவிரலால் அடைத்தேன். கொட்டவில்லை. என் விரலை உள்ளே உறிஞ்சியது. இழுத்துப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றது. ஏதோ உயிருள்ள ஒன்று வாயைத் திறந்து காத்திருந்த மாதிரி. என்ன ஏது என்று யோசிக்க நேரமில்லை. ஒரு மரக்குச்சியைச் சொருகி அடைத்துவிட்டு, நீ அனுப்பின நீள ஹோஸைப் பம்பில் மாட்டினேன். கேனைக் கட்டக் கயிறு இல்லை, மெத்தையைக் கட்டியாயிற்று. கட்டையண்ணன் கூரை மேல் ஏறிக் குப்புறப் படுத்து, கேனை மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் இங்க படுத்துட்டா கட்டை யாரு போடுவா?" என்றார். "யாரும் போட மாட்டாங்க" என்றேன். "அப்ப நிறுத்தாம ஓட்டுங்க" என்றார்.

நிற்கவில்லை. கணவாய்வரை ஒரே மூச்சாக ஏறியது. மேலே போய்ச் சேர்ந்தபோது கேன் காலி. கட்டையண்ணனின் பிடியை நான்தான் விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது, குளிரில் அப்படியே மரத்துப்போயிருந்தது.

இனி இறக்கம்தானே, எஞ்சின் அதிகம் குடிக்காது, டேங்கையே மாட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று ஹோஸைக் கையில் எடுத்தேன். அப்போது தபால் வேன் குறுக்கே வந்து நின்றது. "உங்க அக்கா என்னைக் கொன்னே போட்டுருவாங்க, இந்தாங்க" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதல் வரியைப் படித்தேன். அவளிடம் ஓடிப்போய்ச் சாவியைக் கேட்டேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். சங்கிலியைக் கழற்றக் கை வரவில்லை, அறுத்துக் கொடுத்தாள்.

மூடியைத் திருகினேன். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவேன். பெருமூச்சு இல்லை அக்கா, கட்டையண்ணன் சொன்னது தப்பு. வெளியே விடவில்லை, உள்ளே இழுத்தது. நீரில் முங்கினவன் தலையைத் தூக்கினதும் இழுப்பானே, அப்படி. நீளமாக இழுத்துக்கொண்டே இருந்தது. டேங்கின் தகரம் உள்ளேயிருந்து டங்கென்று விம்மியது. மழையில் நாங்கள் மூன்று பேர் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டேங்க் வாயில் துணி கட்டி, டேங்க் ஹோஸைத் திரும்பப் பம்பில் மாட்டி இறங்கினேன். அந்த இறக்கத்தில் நின்றிருந்தால் என்று யோசிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். தினமும் யோசிக்கிறேன்.

வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண். வெளியே வந்ததும் அழவில்லையாம். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நேரத்தில் என் காதில் கேட்டதெல்லாம் டேங்கின் சத்தம்தான். அப்புறம் அழுதாள். நேற்று முதல்முறையாக என்னிடம் கொடுத்தார்கள். கன்னத்தைத் தொடப் போனேன், என் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குள் உறிஞ்சினாள். அதே இழுப்பு. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்.

நீ வர வேண்டும். மூடி பற்றி உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பொய் எழுதினவன் நான். வா.

தம்பி


மே 29
பஸ் ஸ்டாண்ட் பெஞ்சிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பட்டறையில் எல்லோரும் பார்க்க. ஒருத்தர் வந்து கண்ணில் டீசல் பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீ மாடு முட்டியது என்றாயே, அந்த மாதிரி.

என்மேல் ஒன்றும் இல்லை என்கிறாய். எனக்கு என்மேல் இருக்கிறது. பொய் எழுதினது நீ என்றால், வாயை வைத்து ஊதிப் பார்க்காமல் அனுப்பினது நான். அது கிடக்கட்டும், நேரில் சண்டை போடலாம்.

நாளை வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாளை வர முடியாது. அந்த மூடி கடையிலிருந்து ஒரு பெட்டி நிறைய வந்தது. உனக்கு அனுப்பினது போக இரண்டை விற்றிருக்கிறேன். ஒன்று தண்ணீர் லாரிக்காரரிடம், அவரைப் பிடித்துவிட்டேன். சமதரையில் ஓடுகிற வண்டி, ஒன்றும் ஆகவில்லை. "குடுத்த பணத்த நானே திருப்பித் தர்றேன், இதக் குடுங்க" என்று நான் பிடுங்கினதைப் பார்த்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இன்னொன்று, உன் வண்டி போலவே பழைய வண்டி, ஆள் ஏற்றிக்கொண்டு வேறொரு மலைக்குப் போகிறவர். வீட்டில் கேட்டேன். "ஏறும்போது நிக்குதுன்னு ரெண்டு வாரமா பொலம்புறாரு" என்றாள் அவர் மனைவி. இன்று காலையில்தான் கிளம்பினாராம். அந்த மலைக்கு இப்போது பஸ் வரும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வழியில் எங்கே பார்த்தாலும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லப் போகிறேன். கையில் துளை போட்ட மூடி ஒன்று வைத்திருக்கிறேன், நானே ஊதிப் பார்த்தது. ஒருமுறைக்குப் பத்துமுறை ஊதிப் பார்த்தாயிற்று. இன்னும் ஊதிக்கொண்டுதான் இருக்கிறேன், பக்கத்தில் இருப்பவர்கள் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த மனுஷனைப் பிடித்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். பிடிக்கிறவரை என் மருமகள் முகத்தைப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

பஸ் வந்துவிட்டது. கட்டையண்ணனுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல். அவளை எழுந்து நடக்க விடாதே. மழை என்று பயந்து குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றாதே. மூக்குப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி வை.

அக்கா